பன்னிரண்டாம் வீடு

இருபத்திரண்டு ஆண்டுகள் அவள் தண்ணீர் மீட்டர் ரீடிங் எடுத்தாள். வீடு வீடாகப் போய், வாசலோரக் குழிப்பெட்டியின் இரும்பு மூடியைக் கொக்கியால் தூக்கி, கண்ணாடியில் படிந்த சேற்றைத் துணியால் துடைத்து, உள்ளே நிற்கும் எண்ணைப் பார்த்துத் தாளில் எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நூற்றெண்பது வீடு. சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும் மீட்டருக்காகப் பையில் ஒரு சின்ன முகக்கண்ணாடி, நாய் இருக்கும் வீட்டுக்கு ஒரு விசில். மற்றதெல்லாம் கால்தான்.

வீடு பூட்டியிருந்தால் அதற்கும் துறையில் ஒரு வழி இருந்தது. முந்தைய மூன்று ரீடிங்கை வைத்துச் சராசரி போட்டுவிடலாம். விதிப்படி தப்பில்லை. டீக்கடை பெஞ்சை விட்டு எழுந்திருக்காமலே அரைத் தெருவுக்குச் சராசரி போட்ட மகான்கள் அந்த அலுவலகத்தில் உண்டு. அவள் ஒரு வீட்டுக்கும் போட்டதில்லை. பூட்டிய வீட்டுக்குச் சாயங்காலம் மறுபடி நடப்பாள். அப்போதும் பூட்டியிருந்தால் மறுநாள் விடிந்ததும் போய் நிற்பாள். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு ‘மறுநடை’ என்று பெயர். கேலியாக வைத்ததுதான். அவள் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டாள்.

“பாக்காத எண்ண எழுதறதுக்கு நான் எதுக்கு? ஒரு ஜோசியக்காரனை வேலைக்கு வெச்சுக்கலாமே” என்பாள்.

நடப்பது அவளுக்குப் பிடிக்கும். பிழைப்புக்காகப் பிடித்துக்கொண்ட பிடிப்பு இல்லை அது. காலை ஆறரை மணிக்குச் சரிவுத் தெருவின் அடியில் நின்று நிமிர்ந்து பார்க்கும்போது, மேலே போகப் போக ஒவ்வொரு வாசலும் ஒரு பழைய சிநேகிதியைப் போலத் தெரியும். முதல் வீட்டு மூடிக்கு ஒரு மூலை உடைந்திருக்கும். நாலாம் வீட்டுப் பெட்டிக்குள் நத்தை குடியிருக்கும். ஏழாம் வீட்டில் முகக்கண்ணாடி இல்லாமல் ஒன்றும் தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டாலும் பாதம் சொல்லிவிடும், இது எந்த வீட்டு வாசல் என்று.

அந்தச் சரிவுத் தெருவில்தான் முதலில் கால் மக்கர் செய்தது. அப்போது வயது நாற்பத்தெட்டு. பன்னிரண்டாம் வீட்டின் முன்னால் இரண்டு காலும் ஈர மணல் மூட்டையாகக் கனத்துவிட்டன. ஷூ லேஸ் அவிழ்ந்த மாதிரிப் பாவனை செய்து குனிந்தாள். ஆச்சரியம், குனிந்ததும் கனம் குறைந்தது. அதன் பிறகு ஒன்றரை வருஷம் அவள் ஊருக்கே தெரியாமல் லேஸ் கட்டிக்கொண்டே வேலை பார்த்தாள். ஒரு தெருவுக்கு ஒரு தடவை, பிறகு பத்து வீட்டுக்கு ஒரு தடவை, பிறகு மூன்று வீட்டுக்கு ஒரு தடவை.

மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். முதுகெலும்புக்குள் நரம்பு இறங்கும் வழி குறுகிவிட்டது. நிமிர்ந்து நடந்தால் நசுங்கும், குனிந்தால் கொஞ்சம் இடம் கிடைக்கும்.

“குழாய்ல உப்பு படிஞ்சிருக்குன்னு சொல்லுங்க டாக்டர். எங்க துறைல மாத்திடுவோம்.”

“இது மாத்தற குழாய் இல்லம்மா.”

அறுவை சிகிச்சை நடந்தது. பாதி பலித்தது. வேலை போயிற்று. உடல் இயலாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை வந்தது. கணவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர். அவர் சம்பளமும் இந்தத் தொகையும் சேர்ந்தால்தான் வீடு நிமிர்ந்து நிற்கும். இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு கடிதம் வந்தது. அவளால் வேலை செய்ய முடியுமா முடியாதா என்பதை மறுபடி மதிப்பிடப் போகிறார்களாம். முடியும் என்று முடிவானால் தொகை நின்றுவிடும். வாரம் ஒரு தடவை வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போய், வேலை தேடுவதாகக் கையெழுத்துப் போட வேண்டும்.

கடிதத்தோடு ஒரு படிவம். அதில் ஒரு கேள்வி: நிற்காமல் எவ்வளவு தூரம் நடக்க முடியும்? பக்கத்தில் எண் எழுத ஒரு கட்டம்.

“அம்பது மீட்டர்னு எழுதிடு” என்றார் கணவர்.

“அளந்தீங்களா?”

“தினமும் உன்னப் பாக்கறேனே, அது போதாதா?”

“பாக்கறது வேற, ரீடிங் வேற.”

அவர் வேலைக்குப் போனதும் அவள் கிளம்பினாள். வேறு யாராக இருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்தபடி ஓர் எண்ணை எழுதியிருப்பார்கள். இவளுக்குக் கை வரவில்லை. முன்பெல்லாம் அவளுடைய ஓர் எட்டு எழுபது சென்டிமீட்டர். இப்போது ஐம்பது. அதையும் சமையலறைத் தரையில் கோடு போட்டு அளந்துகொண்டுதான் இறங்கினாள். தான் குடியிருக்கும் கட்டடத்தின் வாசலிலிருந்து எட்டுகளை எண்ணிக்கொண்டே போனாள். நூறில் தொடை எரிந்தது. இருநூறில் கால் விரல்கள் மரத்துப்போயின. ‘இன்னும் ஓடுது, இன்னும் ஓடுது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நானூற்றிருபத்து நாலாவது எட்டில் சலவைக் கடையின் ஷட்டரைப் பிடித்தபடி சரிந்தாள்.

சலவைக்காரர் ஓடிவந்து முக்காலி போட்டார். பேக்கரிக்கு ஆள் போயிற்று. கணவர் மாவு மூட்டை ஏற்றும் கைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் உட்கார்த்தி அழைத்துப் போனார். பாதி வழியில் அவள் கேட்டாள்:

“வழில யாராவது மைதாவா கோதுமையான்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“ரவைன்னு சொல்வேன். உதிர்ந்து போயிட்டல்ல.”

மூன்று நாள் படுக்கையிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. குளியலறைக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு தவழாத குறையாகப் போனாள். நாலாம் நாள் கட்டத்தில் எழுதினாள்: 212.

“அந்த மூணு நாள எழுதலையா?”

“கேள்வி தூரத்தத்தாங்க கேக்குது. ரீடிங்னா எண்ண மட்டும்தான் எழுதணும். அந்த வீட்ல குழாய் வெடிச்சுதா, விருந்தாளி வந்தாங்களான்னெல்லாம் எழுத முடியுமா?”

இதுதான் அவள் செய்த பிழை. பொய் சொல்லத் தெரியாததால் வந்ததில்லை. உண்மையை ஒற்றை எண்ணாக்கித் தருவதை இருபத்திரண்டு ஆண்டுகள் தொழிலாகச் செய்ததால் வந்தது.

மதிப்பீட்டு நிலையத்தில் காத்திருக்கும் அறை ஒரு கோடியில், மதிப்பீட்டாளரின் அறை மறு கோடியில். நடுவே நீளமான நடைபாதை. யாரும் தற்செயலாக அப்படிக் கட்டிவிடவில்லை. பரீட்சை அந்த நடைபாதையிலேயே தொடங்கிவிடுகிறது, எழுதுகிறவருக்குத் தெரியாமல். பெயர் சொல்லிக் கூப்பிட வந்த மதிப்பீட்டாளர் உடற்பயிற்சி சிகிச்சை படித்தவர், தன்மையான மனிதர். “வாங்கம்மா” என்று முன்னால் நடந்தார். முன்னால் ஒருவர் நடக்கும்போது பின்தங்கி அவளுக்குப் பழக்கமில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவர் வேகத்துக்கே போனாள். போகிற போக்கில் சுவரோர மீட்டர் பெட்டியையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டாள். மூடி சரியாகப் பொருந்தவில்லை.

“வீட்ல சமையல் யாரும்மா?”

“நான்தாங்க. ஸ்டூல் போட்டு உக்காந்து செய்வேன்.”

‘சமைக்கிறார்’ என்று தட்டினார். ஸ்டூலுக்கு அந்தத் திரையில் இடமில்லை.

“கடைக்குப் போவீங்களா?”

“பெரிய கடைன்னா போவேன். சாமான் தள்ளற வண்டி இருக்குமே, அதுமேல சாஞ்சுக்கிட்டே நடக்கலாம்.”

‘கடைக்குச் செல்கிறார்.’ வண்டிக்கும் இடமில்லை.

அவருடைய பேனா கீழே விழுந்தது. அவள் சட்டென்று குனிந்து எடுத்துக் கொடுத்தாள். குனிவதுதான் அவளுக்குச் சுகம் என்பது அவர் படித்த படிப்பிலேயே இருக்கும். ‘சிரமமின்றிக் குனிகிறார்’ என்று அதுவும் ஏறியது.

“நிக்காம எவ்வளவு தூரம் நடப்பீங்க?”

“இருநூத்திப் பன்னிரண்டு மீட்டர்.”

அவர் முதல் முறையாகத் திரையிலிருந்து தலையைத் தூக்கினார். “இவ்வளவு கரெக்டா இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லம்மா.”

அவளுக்குப் பெருமையாக இருந்தது. பல வருஷம் கழித்து அவள் வேலையை ஒருவர் பாராட்டியிருக்கிறார். சொந்தத் தலையில் மண் விழுந்தது தெரியாமல் புன்னகைத்தாள். எல்லாம் இருபத்தேழு நிமிஷத்தில் முடிந்தது.

முடிவு மூன்று வாரத்தில் வந்தது. இயலாமைக்கு மதிப்பெண் பூஜ்யம். ‘வேலைக்குத் தகுதியானவர்.’

கணவர் தலையில் கை வைத்துக்கொண்டார். பார்க்க வந்த நாத்தனார், “விடுங்க அண்ணி, தலையெழுத்து” என்றாள். எது தலையெழுத்து? இந்த எழுத்தை எழுதியவருக்குக் கை இருக்கிறது, மேசை இருக்கிறது, மாதச் சம்பளம் இருக்கிறது. அவருக்குக் கேள்வி எழுதித் தந்தவர்கள் எங்கோ குளிர்ந்த அறையில் நல்ல நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு மனிதரின் காலை எப்படி எண்ணாக்குவது என்று யோசித்திருக்கிறார்கள். அவர்களுடைய விதிப் புத்தகத்திலேயே ஒரு வரி உண்டு: நடை என்றால் ஒரு தடவை நடந்தது கணக்கில்லை, வலியோ ஆபத்தோ இல்லாமல், திரும்பத் திரும்ப நடக்க முடிய வேண்டும். விதியில் இருந்த அந்த வரி கேள்வியில் இல்லை. மனிதர் செய்த வேலை. தலையெழுத்தின் மேல் பழியைப் போட்டால் செய்தவர்கள் தப்பித்துக்கொள்வார்கள்.

நாத்தனார் போன பிறகு, அவள் கடிதத்தை ஜன்னலோரம் எடுத்துப் போய் மறுபடி படித்தாள். மூன்றாம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. ‘இவர் இருநூறு மீட்டருக்கு மேல் நிற்காமல் நடக்கக்கூடியவர்.’ அச்சடித்த எழுத்து. கீழே முத்திரை. அவள் அந்த வரியை விரலால் தடவினாள். வீட்டின் மேல் இடி விழுந்திருக்கும்போது அவள் நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு சந்தோஷம் எட்டிப்பார்த்தது. வெட்கமாக இருந்தது, ஆனாலும் போகவில்லை. எல்லா மருத்துவர்களும், வீட்டுச் சுவர்களும், கணவரின் கண்ணும் இரண்டு வருஷமாக முடியாது முடியாது என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு தாள் முடியும் என்கிறது. அரசாங்கமே சொல்கிறது. ஒருவேளை?

கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூ பெட்டியை இழுத்தாள்.

“என்னத்தத் தேடற?” என்றார் கணவர்.

“ஒண்ணுமில்ல. தூசி தட்டறேன்.”

மறுநாள் தோழிக்குப் போன் செய்தாள். அவளோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். இப்போது மேற்பார்வையாளர். உடம்பு கொஞ்சம் அகலம் என்பதால் எல்லாரும் ‘ஒல்லி’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நான் நடப்பேன்னு லெட்டர்ல போட்டிருக்குடி.”

“லெட்டராடி நடக்கப் போகுது? காலுல்ல நடக்கணும்.”

“ஒரே ஒரு நாள். சரிவுத் தெரு மட்டும்.”

மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. “செவ்வாக்கிழமை ஆறரைக்கு வா. பாலிஷ் போட்டுக்கிட்டு வந்து நிக்காத, மழைச் சேறு கிடக்கு.”

அவள் பாலிஷ் போட்டுக்கொண்டுதான் போனாள். தெருவின் அடி வரை ஒல்லி ஆட்டோவில் கூட்டி வந்தாள். கையில் தாளும் கொக்கியும் கொடுத்தாள். முதல் வீட்டின் உடைந்த மூலையில் கொக்கி தானாகப் போய் மாட்டியது. மூடி கிளம்பும்போது எழும் அந்த ஈர இரும்பு வாசனையை மூச்சு நிறைய இழுத்துக்கொண்டாள். துடைத்தாள், படித்தாள், எழுதினாள். நாலாம் வீட்டில் நத்தை இல்லை. அதன் பேரனோ பேத்தியோ இருந்தது. ஏழாம் வீட்டில் முகக்கண்ணாடியை நீட்டியபோது, மீட்டருக்கு முன்னால் தன் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தது.

எட்டாம் வீட்டில் லேஸ் கட்டினாள். ஒல்லி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். ஒன்பதில் கட்டினாள். பத்தில் இரண்டு தடவை. பதினொன்றாம் வீட்டு எண்ணை எழுதி முடித்து நிமிர்ந்தபோது தொடைக்குக் கீழே ஒன்றுமே இல்லை. அவள் கால்களைப் பார்த்தாள். இருந்தன. யாருடையவோ போல இருந்தன.

பன்னிரண்டாம் வீட்டின் பச்சைக் கேட் பதினெட்டு அடி தூரத்தில் தெரிந்தது. அவள் வாய்க்கால் சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஒரு வீடுதான? சராசரி போட்டுக்கறேன், விடு” என்றாள் ஒல்லி, அவளைச் சீண்டிச் சிரிக்க வைப்பதற்காக.

அவள் சிரிக்கவில்லை. பச்சைக் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் எனக்குச் சராசரி போட்டிருக்கான்டி.”

“எவன்?”

“மதிப்பீடு பண்ணானே, அவன்தான். வாசல்ல நின்னு பாத்துட்டு, உள்ள என்ன ஓடுதுன்னு பாக்காமலே எண் போட்டுட்டான்.”

“நீ மூடியத் தொறந்து காட்டினியா?”

அவள் கையிலிருந்த கொக்கியைக் கீழே வைத்தாள். “இல்லடி. நானே மூடி மேல உக்காந்திருந்தேன்.”

ஒல்லி தாளை வாங்கிக்கொண்டு பச்சைக் கேட்டுக்குப் போனாள். மூடியைத் தூக்கி, பார்த்து, எழுதிக்கொண்டு வந்தாள். பிறகு அவளைத் தோளோடு அணைத்துத் தூக்கினாள்.

அடுத்த வாரம் மேல்முறையீடு அனுப்பினார்கள். சரிவுத் தெரு தந்த ஐந்து நாள் படுக்கைக்குப் பிறகு எழுந்தவள் ஒரு நோட்டில் தினமும் எழுதத் தொடங்கினாள். எத்தனை எட்டு, எங்கே உட்கார்ந்தாள், எப்போது மறுபடி நிற்க முடிந்தது, மறுநாள் என்ன ஆயிற்று. நாற்பது நாள். கட்டத்துக்கு வெளியே எழுத அவளுக்குக் கை கூசியது. எழுதினாள்.

விசாரணை அறையில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் படித்த அம்மாள் ஒருவர், வயதான மருத்துவர் ஒருவர். மருத்துவர் நோட்டை முழுவதும் புரட்டினார். பிறகு அதோடு இணைத்திருந்த சரிவுத் தெருத் தாளின் நகலைக் கையில் எடுத்தார்.

“பதினோரு எண்ணும் ஒரே கையெழுத்து. கடைசி ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருக்கே?”

“அது நான் எழுதலைங்க.”

“ஏன்?”

“பதினெட்டு அடி தள்ளி இருந்துச்சு.”

மருத்துவர் தாளைக் கீழே வைத்தார். சட்டம் படித்த அம்மாள் கேட்டார்: “அப்ப மதிப்பீட்டுல இருநூத்திப் பன்னிரண்டுன்னு ஏன் சொன்னீங்க?”

“நடந்தேன், சொன்னேன். மறுநாள் என்ன ஆச்சுன்னு அவங்க கேக்கல. நானும் சொல்லல. அந்த எண்ண விட்டுக்கொடுக்க மனசு வரல.”

“ஆக, இப்ப உங்களால முடியாது. அப்படித்தானே?”

அவள் நோட்டைக் காட்டினாள். வாயால் ஒன்றும் சொல்லவில்லை.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. தொகை திரும்பக் கிடைத்தது. அன்று கணவர் பேக்கரியிலிருந்து சூடான பன்னோடு சீக்கிரமே வந்துவிட்டார். கடிதத்தை நின்றபடியே உரக்கப் படித்தார். ‘ஐம்பது மீட்டருக்கு மேல் மீண்டும் மீண்டும் நடக்க இயலாதவர்’ என்ற இடத்தில் குரல் தானாக இறங்கியது.

“ஜெயிச்சுட்டம்மா” என்றார்.

“ஆமாங்க” என்றாள்.

தன் காலுக்காக ஏங்குகிற ஒருத்தியை, அந்தக் கால் செத்துவிட்டது என்று ஆதாரத்தோடு நிரூபிக்க வைத்து, அதன் பிறகே அவளுக்குச் சோறு என்று சொல்கிற ஏற்பாட்டில் இப்படித்தான் ஜெயிக்க முடிகிறது. புதிய கடிதத்தை அவள் கணவரிடமே கொடுத்து அலமாரியில் வைக்கச் சொன்னாள். பழைய கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை மட்டும் பிரித்து, நான்காக மடித்து, ஷூவுக்குள் வைத்துப் பெட்டியை மூடினாள். அவர் பார்த்தும் பார்க்காதது போல இருந்தார்.

அடுத்த மாதம் ஒரு காலையில் கீழே வாசலில் இரும்பு மூடி கிளம்பும் சத்தம் கேட்டது. அவள் ஸ்டூலை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டு எட்டிப் பார்த்தாள். புதிதாக வந்த ரீடிங்காரர், நடுவயது, தொப்பி போட்டவர்.

“கண்ணாடியத் துடைச்சுட்டுப் பாருங்க. மூணுகூட எட்டு மாதிரி தெரியும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். துடைத்தார். “அட, ஆமாக்கா!”

“சரிவுத் தெருவும் நீங்கதான பாக்கறீங்க?”

“ஆமாக்கா. நேத்து முடிச்சேன்.”

“பன்னிரண்டாம் வீடு? பச்சைக் கேட்டு.”

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். “பூட்டியிருந்துச்சு. சராசரி போட்டுட்டேன்.”

“சாயங்காலம் ஆறு மணிக்கு வருவாங்க. போய்ப் பாத்துடுங்க.”

“ஒரு வீட்டுக்காக அந்த மேட்டுல மறுபடி ஏறச் சொல்றீங்களே, நியாயமா? அவ்வளவு ஆசையா இருந்தா நீங்களே போயிட்டு வாங்களேன்!” என்று சிரித்தார்.

அவளும் சிரித்தாள். பிறகு சொன்னாள்:

“என்னால முடியாதுங்க.”

யாரும் கேட்டு எழுதிக்கொள்ளாத இடத்தில், அவள் வாயிலிருந்து அது முதல் தடவையாக வந்தது. கீழே நின்றவர் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த ஸ்டூலையும் ஜன்னல் கம்பியைப் பற்றியிருந்த கையையும் பார்த்தார்.

“ஆறு மணியாக்கா?”

“ஆறு, ஆறே கால்.”

“போறேன்.”

அவர் மூடியை இறக்கிவிட்டுத் தெருவில் நடந்தார். நல்ல நடை, எட்டுக்கு எழுபது சென்டிமீட்டராவது இருக்கும். அவர் மூலை திரும்புகிற வரை அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.